பால் சட்டை

மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்டது, முழுக்கை. இடது முழங்கையில் ஒட்டு. மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை. பெரியவர் தனக்கென்று வாங்கிய சட்டைதான் அது. இரண்டு வருடம் வெளியே போட்டுப் போனார். பிறகு வயலுக்குப் போட்டார். முழங்கை விட்டுப்போனதும் அடுப்பெரிக்க எடுத்தவரின் கையிலிருந்து மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் இது செத்துப்போச்சு. எனக்கு இன்னும் இருக்கு" என்றாள்.

ஒட்டுப் போட்டு, பால் கறக்கும்போது மேலே மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அது பால் சட்டை. ஒன்பது வருடம்.

இந்த நாலு மாதமாக அதை மாட்டிக்கொள்வது பெரியவர்.

கிழக்கே வெளுக்கும் நேரம். சட்டையை மாட்டி, அவளுடைய பழுப்புத் துணியைத் தலையில் கட்டி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கோணக்கொம்பின் விலாவில் நெற்றியை வைப்பார். வலது கொம்பு கண்ணைப் பார்த்து வளைந்த மாடு அது. அதனால் அந்தப் பெயர். அது தலையைத் திருப்பி ஒரு தரம் முகரும். அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். பிறகு மனைவி சொல்வதையே, முடிந்தவரை அவள் குரலிலேயே சொல்வார்:

"என்னடி பறக்கறே? ரயிலைப் பிடிக்கணுமா?"

மாட்டின் விலா தளரும். மடி சுரக்கும். முதல் பீச்சு வாளியின் அடியில் சுர்ரென்று விழும்போதுதான் அவர் மூச்சை விடுவார்.

பனிக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அவர் பம்பு ரூமில் இருந்தார். மீதிக் குச்சிகளை மறு வாரம் அவர்தான் நட்டார்.

கோணக்கொம்பின் கன்று பிறந்த மூன்றாம் நாளே செத்துவிட்டது. அன்று முதல் அது மனைவியின் கைக்கு மட்டுமே பால் விட்டது. அவள் போனபின் ஒன்பது நாள் பாலை விடாமல் எக்கிக்கொண்டது. பெரியவர் உட்கார்ந்தால் உதைத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் உட்கார்ந்தாலும் உதைத்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார். ஊசி போட்ட வேளைக்குக் கொஞ்சம் கொடுத்தது. கடைசியில் வழி சொன்னவன் பால் வண்டிக்காரன். அரை மைல் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவன். அதனால் அவன் பெயரே ஹாரன்.

"வீட்டம்மா போட்டிருப்பாங்களே, அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு உட்காருங்க. மாடு கண்ணால எங்க பாக்குது? மூக்காலதான் பாக்குது."

உட்கார்ந்தார். விட்டது.

அந்தச் சட்டையை அவர் துவைக்கவில்லை.

*

வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கூட விடுமுறைக்கு, மகன் குடும்பம் வரும். மனைவி இருந்தவரை பத்து நாள் முன்பே வீடு தயாராக ஆரம்பித்துவிடும். முட்டைகள் விற்பனைக்குப் போகாமல் கூடையில் சேரும். மெத்தைகள் வெயிலில் கிடக்கும். ஊஞ்சல் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். இந்த முறை எல்லாவற்றையும் அவரே செய்தார். மெத்தையைக் காயப்போட்டு, எடுக்க மறந்து, பனியில் நனையவிட்டு, மறுபடி காயப்போட்டார்.

மகன் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டான்.

"ஒரு வாரம் இருப்பேன்பா. கூட இருந்து பாக்கறேன். உங்களால தனியா முடியுதுன்னா இருங்க, நான் வாய் திறக்கல. முடியலன்னா மாட்டை வித்துட்டு எங்களோட கிளம்பிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"சரி" என்றார். வேறு என்ன சொல்வது? மகன் நல்லவன். நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனியை அடைத்து அப்பாவுக்கு அறையாக்க ஆளிடம் அளவுகூடக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மதியம் பஸ்ஸிலிருந்து நாலு பேரும் இறங்கினார்கள். மூத்த பேத்திக்குப் பத்து வயது. யார் எதைச் சொன்னாலும் திருத்துவாள். வீட்டில் அவள் பெயர் டீச்சர். இளையவளுக்கு ஆறு. அவள் வாலு. வாலு இறங்கியதும் பையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கோழிக்கூண்டு, கிணறு, ஊஞ்சல், கொட்டகை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மருமகள் போய்ப் பையை எடுத்துவந்தாள்.

மருமகள் நர்ஸ். அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. மாமியார் விழுந்த அன்று அவளுக்கு டியூட்டி; லீவு கிடைக்காமல் மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, பெரியவரும் கேட்டதில்லை. வந்த அன்றே அலமாரித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் சன்னல்கள். அதற்கடுத்து அடுப்படிச் சுவர்.

"கொஞ்சம் உட்காரேம்மா. லீவுக்கு வந்திருக்கே" என்றார் பெரியவர்.

"உட்கார்ந்தா தூக்கம் வருது மாமா."

"வந்தா தூங்கு."

"தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்பதுபோல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பெரியவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்றாவது வேளை வாலு தட்டைப் பார்த்தாள்.

"தாத்தா, மறுபடியும் உருளைக்கிழங்கா?"

"நேத்து வேகவச்சது. இது வறுத்தது."

"காலைல?"

"காலைல மசிச்சது."

"ஒரே கிழங்குக்கு மூணு வேஷம்" என்றாள் டீச்சர்.

மகன் சிரிக்கவில்லை. தட்டை, கூரையில் ஒழுகிய கறையை, அப்பாவின் கை நடுக்கத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சை நடக்கிறது என்று பெரியவருக்குத் தெரிந்தது. கிழங்கில் மதிப்பெண் போயிருக்கும்.

ஆனால் மாட்டில் போகாது. திங்கட்கிழமை காலை வாலு முதலில் எழுந்து கொட்டகைக்கு வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, "ஐயோ! தாத்தா பாட்டி வேஷம் போட்டிருக்காரு!" என்று கத்தினாள். டீச்சரும் ஓடிவந்தாள்.

"சத்தம் போடாதே. மாடு பயந்துக்கும்."

"எதுக்கு தாத்தா தலையில துணி?"

"குளிருது."

"குளிரலியே."

"எனக்குக் குளிருது. வயசானா குளிரும். இதை உங்கப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

"பொய் சொல்லக் கூடாது தாத்தா" என்றாள் டீச்சர்.

"யாரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா இருங்கன்னுதானே சொன்னேன்."

டீச்சர் யோசித்தாள். "சும்மா இருக்கறது பாதிப் பொய்."

"சரி, பாதி மட்டும் சொல்லிக்க" என்று வாளியைத் தூக்கினார். ஆறு லிட்டருக்குக் குறையாது. வாலு இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். வெதுவெதுப்பான பாலைக் குடித்துவிட்டு மீசையைத் துடைக்காமலே வீட்டுக்குள் போய் எல்லோருக்கும் காட்டினாள். மகன் வாளியை எட்டிப் பார்த்தான். "பரவாயில்லையே" என்றான். பெரியவருக்கு அன்று காலை டீ ருசித்தது.

*

அறுத்துப்போட்ட புல் மூன்று நாளாக வயலில் காய்ந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மேற்கே கருக்க ஆரம்பித்தது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். பனிக்காலத் தீனி போய்விடும். அப்பாவும் மகனும் விடிந்ததும் இறங்கினார்கள். வாரியால் இழுத்துக் குவித்து, கயிற்றில் கட்டி, முதுகில் ஏற்றி, கொட்டகைப் பரணுக்கு. மகன் இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். பத்து மணிக்குள் உள்ளங்கையில் கொப்புளம்.

"எச்சி தொட்டு வைடா."

"எச்சி தொட்டு வைக்கறதுன்னா வீட்ல நர்ஸ் எதுக்கு?"

"அவ பாத்தா கையையே வெட்டிடுவா."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். கட்டின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

"இதையெல்லாம் தனியா தூக்குவீங்களாப்பா?"

"சின்னச் சின்னக் கட்டாக் கட்டினா தூக்கலாம்."

"அம்மா இருந்தப்ப ரெண்டு பேரு."

"அப்போ பெரிய கட்டு."

"நீங்க விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? ஹாரன் வந்து கத்தற வரைக்கும் கிடக்கணும்."

"கேட்டுக்கிட்டே கிடப்பேன்."

"விளையாடாதீங்கப்பா. அம்மாவும் அப்படித்தானே கிடந்தாங்க." சொல்லிவிட்டு மகன் தரையைப் பார்த்தான். "நான் உங்களைச் சொல்லல."

"சொன்னாலும் தப்பில்ல. அம்பது அடி தூரத்துலதான் இருந்தேன். மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

மகன் காய்ந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்ல உங்களுக்கு என்ன குறை? பிள்ளைங்க இருக்கு. லிஃப்ட் இருக்கு."

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"மாடு லிஃப்ட்ல ஏறாது."

மகன் எழுந்து கொப்புளத்தைப் பார்த்தான். "இன்னும் நாலு நாள் இருக்கு. பாப்போம்" என்றான். குரலில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. மாடு தனக்காகப் பேசிக்கொண்டிருந்தது என்று பெரியவர் நினைத்தார். தினம் இருவேளையும் வாளி வாளியாகப் பேசியது.

மழைக்கு முன் வெயில் சுள்ளென்று அடிக்குமே, அந்த வெயில் மதியம் அடித்தது. பாதிப் புல் ஏறிவிட்டது. சாப்பிட வீட்டுக்கு வந்தார்கள். கொல்லைக் கொடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, பிள்ளைகளின் பாவாடை. கடைசியில், இரண்டு கையும் விரிய, தலைகீழாக, நீலக் கட்டச் சட்டை. பக்கத்தில் பழுப்புத் துணி. சட்டையின் காலரிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒட்டின் நிறம் பச்சை என்பது நாலு மாதத்துக்குப் பிறகு மறுபடி தெரிந்தது.

பெரியவர் நின்றார்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் வெயிலும் வேலையும் சேர்ந்த ஒரு பளபளப்பு. "மழை வர்றதுக்குள்ள எல்லாத்தையும் போட்டுட்டேன் மாமா. கொட்டகையில ஒரு சட்டை இருந்துச்சு பாருங்க, அதுக்கு மட்டும் மூணு தண்ணி மாத்தினேன். வெந்நீர்ல ஊறவச்சுத்தான் போச்சு. அதைப் போட்டுக்கிட்டு பால் கறந்தா பாலுக்கு ஆகாது."

"ம்."

"அத்தை இதைத் துவைக்கவே மாட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை துவைப்பா. திங்கட்கிழமை அவளே போட்டுக்குவா" என்றார். அவளுக்குப் புரியவில்லை. கிட்டப் போய்ச் சட்டையின் கையைப் பிடித்து மோந்தார். எலுமிச்சை வாசம். கடையில் விற்கிற எலுமிச்சை.

"நல்லா வெளுத்திருக்கு" என்றார்.

*

அன்று சாயங்காலம் ஈரம் காயாத சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோணக்கொம்பு தலையைத் திருப்பி முகர்ந்தது. இன்னொரு தரம் முகர்ந்தது. "என்னடி பறக்கறே?" என்று ஆரம்பித்தார். ரயில் வரைக்கும் போகவில்லை. வாளி சுவரில் மோதி உருண்டது. முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

சத்தம் கேட்டு மகன் ஓடிவந்தான். அப்பா சாணத்தில் உட்கார்ந்திருப்பதையும், தலையில் கட்டியிருந்த பெண்பிள்ளைத் துணியையும் பார்த்தான். எதைப் பற்றி முதலில் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

புதன்கிழமை காலையும் அதே கதை. ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. மடி கல்லாக ஆரம்பித்தது. ஹாரன் வந்து வாசலில் நின்று அடித்தான், அடித்தான், பிறகு இறங்கி வந்தான்.

"என்ன பெரியவரே, பால் எங்க?"

"எக்கிக்கிச்சு."

"சட்டை போட்டீங்களா?"

கறந்து தோற்றதும் பெரியவர் ஈரச் சட்டையை மறுபடி கொடியில் போட்டிருந்தார். ஹாரன் கொடியைப் பார்த்தான். கொடியில் காய்கிற சட்டையைப் பார்த்தான். அவன் வாயும் அவன் வண்டி மாதிரிதான். "அட பாவமே! அதைப் போயா துவைச்சாங்க? வீட்டம்மா வாசனை அதுல இருக்குன்னுதானே மாடு இவ்வளவு நாள் ஏமாந்துக்கிட்டு இருந்துச்சு!"

மருமகள் சன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது.

ஹாரன் போனபின் அவள் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

"உனக்கு எப்படித் தெரியும். விடும்மா."

"திட்டுங்க மாமா. திட்டினாலாவது தேவல."

"எனக்குத் திட்டத் தெரியாது. அந்த வேலையெல்லாம் அவ பாத்துக்குவா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மகன் குறுக்கே வந்தான். "சட்டைய விடுங்க. விஷயம் என்னன்னா, ஒரு சட்டை போனா மாடு போச்சு, மாடு போனா எல்லாம் போச்சு. இப்படி ஒரு நூல்லயா தொங்கிட்டு இருந்தீங்க? நாளைக்குக் காலை வரைக்கும் பாக்கறேன்பா. அதுக்குள்ள பால் விடலன்னா மாட்டு வியாபாரியை வரச் சொல்லிடறேன். மடி கெட்டுப்போனா யாரும் வாங்கவும் மாட்டாங்க."

நியாயமான பேச்சு. பெரியவருக்கு அதில் கை வைக்க இடம் தெரியவில்லை.

மருமகள் விடவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பழைய புல்லில் புரட்டினாள். மாட்டின் முதுகில் தேய்த்தாள். "மிதிங்கடி" என்று தரையில் போட்டாள். வாலுவுக்கு இதைவிட நல்ல விடுமுறை வேறு இல்லை. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடச் சட்டையில சின்னப் புள்ளி பட்டா அடிக்கறே. இப்போ மிதிக்கச் சொல்றே" என்றாள் டீச்சர்.

"இப்போ மிதிடி. அப்புறம் பேசு."

சட்டை அழுக்காகிவிட்டது. அழுக்குக்கு அடியில் எலுமிச்சை அப்படியே இருந்தது. பெரியவர் மாட்டிக்கொண்டு கிட்டப் போனதும் கோணக்கொம்பு மூக்கை விடைத்துக் காலைத் தூக்கியது. மருமகள் சட்டையை வாங்கிக்கொண்டு போய் மறுபடி துவைத்துப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

*

மதியம் மழை பிடித்துக்கொண்டது. வயலில் இன்னும் பதினைந்து கட்டு இருந்தது. மகனின் கைகளில் மருமகள் துணி சுற்றிவிட்டிருந்தாள். அவனால் கயிறு பிடிக்க முடியவில்லை. மாடே போகப்போகிறதென்றால் புல் யாருக்கு என்று அவன் கேட்டான். பெரியவர் காதில் வாங்காமல் இறங்கினார். நனைந்து கனத்த தன் சட்டையைக் கழற்றிவிட்டு, கிழிந்த பனியனோடு, ஒவ்வொரு கட்டாகச் சுமந்தார். சின்னச் சின்னக் கட்டுதான். ஆறாவது கட்டில் மகனும் வந்து சேர்ந்துகொண்டான். முழங்கையால் அணைத்துத் தூக்கினான்.

முடிந்தபோது சாயங்காலம். பெரியவருக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மழையும் வேர்வையும் புல்தூசும் சேர்ந்து உடம்பெல்லாம் அரித்தது. குளிக்கப் போனவர் கொட்டகையிலிருந்து முனகல் கேட்டுத் திரும்பினார்.

மடி சூடாக இருந்தது. தொட்டால் மாடு நெளிந்தது. போனில் டாக்டர், வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள், காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். மருமகள், கை பொறுக்கும் சூட்டில் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் போட்டிருந்தாள். "நான் ஒத்தட்டுமா மாமா?"

"உதைக்கும். நீ போம்மா."

வாலு போகவில்லை. தீனித்தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கறக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. சட்டை இல்லை, தலையில் துணி இல்லை. முக்காலியில் உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிந்து மடியில் வைத்தார். ஆறியதும் மறுபடி நனைத்தார். அவள் குரலில் பேச உடம்பில் தெம்பு இல்லை. தன் குரலில் பேச விஷயமும் இல்லை. நெற்றி தானாக மாட்டின் விலாவில் போய் விழுந்தது. கண்ணை மூடினார். கூரையில் மழை. மாட்டின் வயிற்றுக்குள் ஏதோ உருளும் சத்தம். கொஞ்சம் தூங்கியும்போயிருப்பார்.

காலில் சூடாக என்னவோ விழுந்தது. வெந்நீர் என்று நினைத்தார்.

"தாத்தா, பால்!" என்றாள் வாலு.

காம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமலே. அவர் வெந்நீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி இழுத்தார். பிடித்தார். சுர்ரென்று இறங்கியது. கைக்குக் கை மடி மெத்தென்று ஆனது. கோணக்கொம்பு தலையைத் திருப்பி, பனியனோடு, வேர்வையோடு இருந்த ஆளை ஒரு தரம் முகர்ந்தது. பிறகு பேசாமல் புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

"பாட்டி சட்டை போடவே இல்லையே தாத்தா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிக் குடுத்துச்சு?"

அவர் கறந்துகொண்டே இருந்தார்.

"தாத்தா, எப்படி?"

"என்னைத் தெரியும்போல."

"எப்போலேருந்து?"

ஹாரன் வழி சொன்னபின் ஒரு நாள்கூட அவர் சட்டை இல்லாமல் உட்கார்ந்து பார்த்ததில்லை.

வாலு குதித்து மழையில் ஓடினாள். "அம்மா! மாடு விட்டிருச்சு! சட்டையே வேணாம், தாத்தாவே போதும்!" வீட்டுக்குள் ஒரே சத்தம். மருமகள் நனைந்துகொண்டே ஓடிவந்து, வாளியைப் பார்த்து, கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்பிச்சேன் மாமா" என்றாள். "நான் ஒண்ணும் கெடுக்கல, இல்ல?"

"இல்லம்மா. நீ ஒண்ணும் கெடுக்கல."

மகன் வந்து வாளியைத் தூக்கிக்கொண்டான். கட்டுப்போட்ட கையால் பிடிக்க முடியாமல், முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டான். "மூணு மாசத்துக்கு முன்னாடியே சட்டையைக் கழட்டியிருக்கலாம் நீங்க" என்று சிரித்தான். பெரியவரும் சிரித்துவைத்தார்.

*

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். டாக்டர் வந்து பார்த்து மடிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். கூரையின் ஒழுகலை மகன் அடைத்திருந்தான். அடுத்த தடவை வரும்போது ஊஞ்சல் கயிறு மாற்றியிருக்க வேண்டும் என்று டீச்சர் கட்டளை போட்டாள். கிழங்குக்கு நாலாவதாக ஒரு வேஷம் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"அடுத்த லீவுக்கு வந்து பாக்கறேன்பா" என்றான் மகன். "அதுவரைக்கும் இருங்க."

பரீட்சையில் தேறிவிட்டார். பால்கனி பால்கனியாகவே இருக்கும்.

மருமகள் கடைசியாக ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். "மாமா, சட்டையை அந்த ஆணியிலேயே மாட்டிட்டுப் போகவா? சின்னவ ரெண்டு நாளா ராத்திரி அதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா. எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்கறா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

வாலு அவள் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தாள்.

"எடுத்துக்கட்டும்" என்றார் பெரியவர். "துவைச்ச சட்டைதானே. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்."

பஸ் போகும்வரை ரோட்டில் நின்றார். வீட்டுக்கு வந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டுகள், துடைத்த சன்னல்கள், மடித்த விரிப்புகள். ஒரு தட்டை எடுத்துக் கிழங்கு வைத்துச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கொட்டகைக் கதவைத் திறந்தார். பழக்கத்தில் கை கதவுக்குப் பின்னால் போனது. ஆணி விரலில் குத்தியது.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியை வைத்தார். கோணக்கொம்பு தலையைத் திருப்பி முகர்ந்தது.

அந்தச் சட்டையில் இருந்த வாசனை எந்த நாளில் அவளுடையதாக இல்லாமல் போனது என்று அவருக்குத் தெரியாது. மாட்டுக்குத் தெரிந்திருக்கும்.

காம்பைப் பிடித்த கையோடு அவர் காத்திருந்தார். அவளைத் தேடி ஒரே ஒரு உதை. உதைத்தால் திட்டாமல் வாங்கிக்கொண்டிருப்பார்.

மாடு உதைக்கவில்லை. அசைபோட்டுக்கொண்டு பால் விட்டது.